அந்தக் குரல் யாருடையது? – ஃபேட்பாய் ஸ்லிம் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு டி.ஜே.யைப் பற்றி. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வாக்குமூலம்.

காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட்ல, ஓப்பன் சோர்ஸா கிடைச்ச ஒருத்தரோட கோடை எடுத்து அப்படியே போட்டேன். எடுத்தது தப்பில்லை, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னுதான் அவர் போட்டிருந்தார். ஒரே நிபந்தனை, ஃபைல் தலைப்புல இருக்கிற அவர் பேரை நீக்கக்கூடாது. நான் முதல்ல நீக்கினது அதைத்தான். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல், "இந்தப் பகுதி நீயே எழுதினதாப்பா?"ன்னு கேட்டார். "ஆமா சார்"னு சொன்னேன்.

அடுத்தவங்க செஞ்சதை எடுத்துப் புதுசு செய்யறதையே தொழிலா வெச்சிருந்த ஒருத்தர் கதையைப் படிச்சப்போ இது ஞாபகம் வந்துச்சு. அவர் பேர் நார்மன் குக். நமக்கெல்லாம் தெரிஞ்ச பேர் ஃபேட்பாய் ஸ்லிம்.

1963-இல் இங்கிலாந்தின் ப்ராம்லியில் பிறந்தவர். பெற்றோர் வெச்ச பேர் க்வென்டின், நார்மன் அவராவே வெச்சுக்கிட்டது. பேர் மாத்துற பழக்கம் அப்பவே ஆரம்பிச்சிருச்சு பாருங்க. ப்ரைட்டன் பாலிடெக்னிக்ல படிக்கும்போதே க்ளப்கள்ல ரெக்கார்ட் ஓட்டினார். 1985-இல் ஹல் நகரத்து கிட்டார் பேண்டான ஹவுஸ்மார்டின்ஸில் பேஸ் வாசிக்கப் போனார். 1986 டிசம்பரில் அவங்களோட 'கேரவன் ஆஃப் லவ்' பிரிட்டனில் நம்பர் ஒன் ஆச்சு. அது வாத்தியமே இல்லாம, குரல்களால மட்டும் பாடின பாட்டு. அதாவது ஒரு பேஸ் கிட்டாரிஸ்டோட முதல் நம்பர் ஒன் பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது!

1988-இல் பேண்ட் கலைஞ்சது. குக் பழையபடி டர்ன்டேபிள் பக்கம் திரும்பினார். அப்போ சாம்ப்ளர்னு ஒரு கருவி பரவலாயிட்டு இருந்தது. பழைய ரெக்கார்டில் இருந்து ரெண்டு செகண்ட் டிரம்ஸையோ ஒரு வரிப் பாட்டையோ வெட்டி மெமரியில் வெச்சுக்கலாம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினா அந்தத் துண்டு ஒலிக்கும். ஸ்டுடியோ, இசைக்குழு எதுவும் இல்லாம, வீட்டு ரூம்ல உட்கார்ந்து ஒரு பாட்டைக் கட்டிடலாம்.

அப்படிக் கட்டினதுதான் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற பேர்ல 1990-இல் வந்த 'டப் பி குட் டு மீ'. பிரிட்டனில் 4 வாரம் நம்பர் ஒன். பாட்டு, எஸ்.ஓ.எஸ். பேண்டின் பழைய ஹிட் ஒன்றின் மறுவடிவம். அதைத் தாங்கி நிற்கிற பேஸ் லைன், தி க்ளாஷ் குழுவின் பால் சிமோனன் எழுதி 1979-இல் வந்த 'தி கன்ஸ் ஆஃப் ப்ரிக்ஸ்டன்' பாட்டோடது. அதுக்கு முறையா அனுமதி வாங்கலை. விவகாரம் வெடிச்சு, கணக்குத் தீர்த்தப்போ குக் திவால் நிலைக்குப் போயிட்டார். நம்பர் ஒன் பாட்டு குடுத்தவர் கையில காசில்லை.

அவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்துல நிறைய பேர் இப்படித்தான் இருந்தாங்க. 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதி இல்லாம கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டை சாம்ப்பிள் செய்தது திருட்டுதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் ரெக்கார்ட் கம்பெனிகள் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கியே ஆகணும்னு பிடிவாதமா நின்னாங்க.

குக் விழுந்த இடத்துலயே கிடக்கலை. ஃப்ரீக் பவர்னு ஒரு ஃபங்க் பேண்ட். அவங்க பாட்டு ஒண்ணு லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துல வந்து 1995-இல் சார்ட்டில் 3-ஆம் இடம் போச்சு. பீட்சாமேன் என்ற பேர்ல ஹவுஸ் மியூசிக். 1996-இல் ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பேர்ல முதல் ஆல்பம். ஹிப் ஹாப் டிரம்ஸ், ஆசிட் ஹவுஸ் சின்த், ராக் இசையோட சத்தம், மூணையும் கலந்த 'பிக் பீட்' அப்போ ப்ரைட்டன் க்ளப்களில் சூடு பிடிச்சிருந்தது.

1998-இல் ரெண்டாவது ஆல்பம், 'யூ'வ் கம் எ லாங் வே, பேபி'. செஞ்ச கருவிகளைக் கேட்டா சிரிப்பீங்க. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டர், ஃப்ளாப்பி டிஸ்க், 12 பிட் அகாய் எஸ் 950 சாம்ப்ளர். நம்ம ஃபோன்ல எடுக்கிற ஒரு போட்டோகூட அந்த சாம்ப்ளர் மெமரியில அடங்காது.

அதில் இருக்கிற 'ப்ரெய்ஸ் யூ' 1999 ஜனவரியில் நம்பர் ஒன். பியானோ, ஒரு ஸ்பீக்கர் கம்பெனி தன் ஸ்பீக்கரைச் சோதிச்சுப் பார்க்க வெளியிட்ட ரெக்கார்டில் இருந்து வெட்டியது. ஆரம்பத்துல தனியா ஒலிக்கிற அந்தப் பெண் குரல் கமில் யார்ப்ரோவுடையது.

அவங்க சிகாகோவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். நடனம், நடிப்பு, கவிதை, குழந்தைகள் புத்தகம்னு அவங்க வாழ்க்கையும் ஒரு பெரிய பயணம். 1975-இல் 'தி அயர்ன் பாட் குக்கர்' ஆல்பத்தில் அந்தப் பாட்டைப் பாடினாங்க. சிவில் உரிமைப் போராட்டத்தைக் கடந்து வந்த தன் மக்களைப் பாராட்டி எழுதினது. இந்தத் தடவை குக் கணக்கை ஒழுங்கா வெச்சிருந்தார். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ரெண்டு பேர் இருக்கு: நார்மன் குக், கமில் யார்ப்ரோ. ராயல்டியிலும் அவங்களுக்குப் பங்கு.

1990-க்கும் 1998-க்கும் நடுவில் குக் செய்யற வேலை மாறலை, அப்பவும் வெட்டி ஒட்டறதுதான். மாறினது, யார்கிட்ட இருந்து எடுத்தோம்னு எழுதி வெச்சதுதான்.

ஆனா அது போதுமா? இங்கதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. க்ளப்பில் ஆடுறவங்களுக்கு அது யாரோ யாருக்கோ சொல்ற நன்றி. ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோவில், தியேட்டர் வாசலில் ஒரு கூட்டம் தப்பும் தவறுமா ஆடும். அது 1999 எம்.டி.வி. விருதுகளில் 3 விருது வாங்கிச்சு. அந்தக் குரலுக்குப் பின்னாடி ஒரு போராட்டம் இருந்ததுன்னு அதுல எங்கயும் தெரியாது. காசு போய்ச் சேர்ந்தது, பேர் போய்ச் சேர்ந்தது, பாட்டோட அர்த்தம் பாதி வழியில இறங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு. அந்தப் பேர் அங்க எழுதியிருந்ததாலதான் என்னால அவங்களைத் தேடிப் போக முடிஞ்சது. ஒரிஜினல் பாட்டை நான் முதல்முறையா கேட்டது போன மாசம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல. தாம்பரத்துல இறங்கறதுக்குள்ள மூணு தடவை கேட்டுட்டேன். அந்தப் பேரை யாராவது டெலீட் பண்ணியிருந்தா, எனக்கு அது வெறும் 'ஒரு பெண் குரல்'தான்.

அன்னைக்கு ராத்திரி என் பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து, நீக்கின பேரைத் திரும்பச் சேர்த்தேன். அந்த எக்ஸ்டர்னல் இப்போ எங்க இருக்கார்னு தெரியலை. அவர்கிட்ட சொல்ல வேண்டியதை இங்க சொல்லிட்டேன்: இல்லை சார், அது நான் எழுதினது இல்லை.

இந்த எபிசோட் முடிஞ்சதும் முதல்ல யார்ப்ரோ பாட்டைக் கேளுங்க, அப்புறம் 'ப்ரெய்ஸ் யூ'. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.