தீப்பெட்டிப் படத்தின் பேரன்

நாலு மீட்டர் தூரத்தில் இருக்கும் தீப்பெட்டியின் உயரமும் வானத்து முழுநிலவின் அகலமும் நம் கண்ணுக்கு ஒரே அளவுதான். நம்பிக்கை வரவில்லையா? கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பெட்டியின் மேல் இருக்கும் படத்தின் கதையைக் கேளுங்கள். கைபேசியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே ஒரு சின்ன வட்டப் படம், அதற்கு இது பாட்டன் முறை.

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவர்கள், துறையின் சமூக ஊடகப் பக்கத்துக்கு ஒரு முகப்புப் படம் வரைந்து வந்தார்கள். கல்லூரிக் கட்டடம், அணு, ஐன்ஸ்டைனின் தலை, இரண்டு மொழியில் துறையின் பெயர், சுற்றிலும் பூவேலை. கணிப்பொறித் திரையில் அழகாகவே இருந்தது. கைபேசியில் ஏற்றியதும் ஐன்ஸ்டைன் எறும்புக் கூட்டமாகிவிட்டார். மூன்று இரவு உழைத்த பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் நான் பாடப் புத்தகத்தை எடுத்துச் செல்லவில்லை; சேத்தூர் வீட்டில் தகர டப்பாவில் கிடந்த பழைய தீப்பெட்டிப் படங்களை எடுத்துச் சென்றேன்.

அவை சாத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அத்தை கொடுத்தவை. தீப்பெட்டி ஆபீசிலிருந்து (எங்கள் வட்டாரத்தில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) அட்டையும் தாளும் வாங்கி வந்து வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். விடுமுறையில் போனால் கிழிந்த படங்கள் எனக்கு.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். அதற்கு முன் நம் கடைகளுக்கு ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் கப்பலில் வந்தன. ஜப்பானியர்கள் நம் தெய்வங்களின் உருவத்தையே பெட்டியில் அச்சிட்டு அனுப்பினார்கள் என்றால் வியப்பாக இல்லையா? காரணம் எளிது. குச்சிக்குக் குச்சி வேற்றுமை தெரியாது. பெயரைப் படிக்கவோ பலருக்கு எழுத்துத் தெரியாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. ஆகவே வாங்குபவர் கப்பல் என்றோ சேவல் என்றோ படத்தைச் சொல்லித்தான் கேட்க முடியும். 1951-52 பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டியதும் இதே முறைதான்.

இந்தப் படங்கள் முதலில் கல் அச்சில் உருவானவை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் செனபெல்டர் கண்ட முறை அது. சுண்ணாம்புக் கல்லில் மசகுப் பொருளால் படம் வரைந்து, கல்லை நனைத்து மையைத் தடவினால், படத்தில் மட்டுமே மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். இரண்டாவது நிறம் அரை மில்லிமீட்டர் நகர்ந்து விழுந்தாலும் கிளியின் மூக்கு முகத்தை விட்டு விலகிவிடும். சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போட்டால் அந்தப் பிசகு மறையும். அழகுக்காகப் போட்டது என்று நாம் நினைக்கிற கோடு பிழையை மூடவும் உதவியது!

இனி கணக்கு. கண்ணின் நுண்மைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. அந்த அளவு கோண இடைவெளி இருந்தால்தான் நல்ல கண்ணும் இரண்டு புள்ளிகளை இரண்டாகக் காணும். நாலு மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.16 மில்லிமீட்டர். தீப்பெட்டியின் உயரம் சுமார் 35 மில்லிமீட்டர்; வகுத்துப் பாருங்கள், முப்பது வரும். முழுநிலவின் அகலமும் ஏறத்தாழ முப்பது கலைதான். சாலையில் நிற்பவருக்குப் பெட்டிக்கடைத் தட்டிலிருக்கும் படம், உயரத்தில் முப்பதே புள்ளி. அதற்குமேல் என்ன நுணுக்கம் வரைந்தாலும் வீண்.

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக, அமெரிக்க ஓவியர் சூசன் கேர் கட்டம் போட்ட தாளில் சின்னங்கள் வரைந்தார். அவருக்குக் கிடைத்த இடம் நீளத்தில் 32, அகலத்தில் 32, ஆக 1,024 கட்டங்கள். அவையும் கறுப்பு அல்லது வெள்ளை. நம் வட்டாரத்துப் படக்காரருக்குச் சாலையோரத்துக் கண் விட்டுக்கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1999இல் ஜப்பானின் குரிட்டா 176 கைபேசிச் சின்னங்கள் வரைந்தபோது, ஒரு சின்னத்துக்கு 12க்கு 12, அதாவது 144 புள்ளிகள். தீப்பெட்டிக் கணக்கில் சரியாக ஒரு குரோஸ்!

நம் மாணவர்களின் படத்துக்கு வருவோம். பெயர்ப் பட்டியலில் அது ஐந்து மில்லிமீட்டர் வட்டம். நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் குறுக்கே 43 புள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஐன்ஸ்டைன். எட்டுப் புள்ளியில் மீசை எது, மூக்கு எது?

சின்னதாக்கினால் என்ன இழக்கிறோம் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. தமிழக அரசின் சின்னத்தில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். 1949இல் அதை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவோ, மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். சிற்பங்கள் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்குமா? அவற்றை விட்டுவிட்டால் எஞ்சுவது ‘கோபுரம்’ என்ற வடிவம் மட்டும். அதனால்தான் இரண்டு ஊராரும் அதை உரிமையோடு தமதென்கிறார்கள். வரைந்தவர் சொன்ன பிறகும் எனக்கு அது எங்கள் கோபுரமாகவே தெரிகிறது, என்ன செய்ய!

மாணவர்கள் மறுபடி வரைந்தார்கள். மஞ்சள் தரையில் ஒரு கறுப்பு முப்பட்டகம், அதற்குள் நுழையும் ஒரு வெள்ளைக் கோடு. ஐன்ஸ்டைனை எடுக்க ஒரு பெண்ணுக்கு மனமே வரவில்லை. தீப்பெட்டி அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நாலு மீட்டர் தள்ளிக் கோடு கிழித்து, வேறு துறைப் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேட்டார்கள். முப்பட்டகம் எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளைக் கோடு பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அளந்து பார்த்தோம்: அதன் தடிமன் அரை மில்லிமீட்டர், மஞ்சளோடு கலந்துவிட்டது. வெள்ளையைச் சிவப்பாக்கி மூன்று மடங்கு தடிக்க வைத்தார்கள்.