காக்கனகோட்டைக் காட்டில் இராத்தங்கல்

படை இறங்கித் தங்கும் இடத்தைத் தமிழில் ‘பாடிவீடு’ என்று வழங்கிய பழஞ்சொல்லின் இரண்டு உறுப்புகளுக்கும் மைசூர்ப் பக்கத்துக் கன்னடத்தில் உறவுச் சொற்கள் கேட்கின்றன. ‘விடு’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘வீடு’ கன்னடத்தில் ‘பீடு’ என்றாகி, அரசனின் பாசறையையும் அவன் நிலையாகத் தங்கிய ஊரையும் குறித்து, கல்வெட்டுகளில் ‘நெலெவீடு’ என்ற வடிவில் பலமுறை வருகிறது. மைசூர் மாவட்டத்துக் காட்டுக் குடிகள் தங்கள் குடியிருப்பை ‘ஹாடி’ என்கிறார்கள். பழங்கன்னடப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியதை அறிந்தவருக்கு அச்சொல்லில் தமிழ்ப் ‘பாடி’யின் ஒலி கேட்காமல் போகாது. சுமையை இறக்கி விட்டு இரவைக் கழிக்கும் இடமே வீடு என்ற பழைய பொருளில் பார்த்தால், மைசூருக்குத் தென்மேற்கே விரிந்த காடுகளின் வரலாற்றை அங்கே எவர் இராத்தங்கினார், எவர் தங்கக்கூடாது என்று தடுக்கப்பட்டார் என்ற கேள்வியின் வழியாகவே எழுத முடியும்.

அக்காடுகளில் பெயர் பெற்றது காக்கனகோட்டை. மைசூரிலிருந்து ஹெக்கடதேவனகோட்டை வழியாக மானந்தவாடிக்குச் செல்லும் சாலையில், வயநாட்டில் பிறந்த கபினி ஆறு கர்நாடகத்துக்குள் நுழையும் பகுதியில் அது இருக்கிறது. திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து மேட்டூருக்கு வரும் நீரில் ஒரு பங்கு இக்காட்டின் நடுவே ஓடி வந்தது என்பதால், இவ்விடம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானதும் இல்லை. தேக்கும் மருதும் மூங்கிலும் அடர்ந்த இந்தக் காட்டின் பழங்குடிகளில் முதன்மையானவர்கள் ஜேனு குருபர். ‘ஜேனு’ என்றால் தேன். மலையில் வாழும் பெட்டக் குருபர் மூங்கில் வேலைக்குப் பெயர் போனவர்கள். எல்லையின் இந்தப் பக்கம், முதுமலையிலும் கூடலூர்ப் பகுதியிலும், இவர்களின் உறவினரையே தேன் குறும்பர், பெட்டக் குறும்பர் என்கிறோம். மாநில எல்லைகள் காட்டின் குறுக்கே வரையப்பட்டதால் ஒரே மக்கள் மூன்று மாநிலங்களின் பட்டியல்களில் வெவ்வேறு பெயர்களோடு பதிவானார்கள்.

ஜேனு குருபரின் குடிசைக்குப் பெயர் ‘குட்லு’. பிளந்த மூங்கிலால் தட்டி பின்னிச் சுவராக்கி, புல்லோ இலையோ வேய்ந்து முடிக்கும் இக்குடிசை ஆண்டுக்கணக்கில் நிற்பதற்காகக் கட்டப்படுவதில்லை. கிழங்கும் தேனும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அவற்றைத் தேடுகிறவர்களும் இடம் மாறினார்கள். நெடுமரங்களில் ‘ஹெஜ்ஜேனு’ என்னும் பெருந்தேனீ (தமிழ்நாட்டு மலைகளில் மலைத்தேன் தருவது இதுவே) அடை கட்டும் கோடைத் தொடக்கத்தில் சில குடும்பங்கள் மட்டும் ஹாடியை விட்டு உள்ளே சென்று, தேன் மரங்களுக்கு அருகில் சிதறித் தங்குவது வழக்கமாக இருந்தது. இவ்வாறு சிதறித் தங்கியதற்குக் காரணம் உணவுக் கணக்கு: ஒரு பள்ளத்தாக்கின் கிழங்கும் தேனும் சில அடுப்புகளுக்குத்தான் போதும், எல்லோரும் ஓரிடத்தில் குவிந்தால் அந்த இடம் வறண்டு விடும்.

தங்கும் இடத்தைத் தேர்வதும் ஒரு கல்விதான். நீர் அருகில் வேண்டும். ஆனால் இரவில் விலங்குகள் இறங்கும் துறையின் மேலேயே படுக்கக் கூடாது. யானைத் தடம் எதுவென்று மண்ணையும் மரப்பட்டையில் உராய்ந்த சேற்றையும் பார்த்து அறிந்து, அதை விட்டு விலக வேண்டும். காய்ந்த மூங்கில் புதருக்கு அருகில் நெருப்பு மூட்டக் கூடாது. மூட்டிய நெருப்பை விடியும்வரை அணைய விடவும் கூடாது. ஏனென்றால் அந்த நெருப்பே கதவு, அதுவே விளக்கு, அதுவே போர்வை. இந்த அறிவு எதுவும் ஏட்டில் எழுதப்படவில்லை. எழுதப்படாத காரணத்தாலேயே பிற்காலத்து அதிகாரிகள் அதை அறிவாக எண்ணவில்லை என்பது வருந்தத்தக்கது.

வெளியாரின் எழுத்தில் இம்மக்கள் விரிவாகத் தென்படுவது 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகுதான். புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் விளைச்சலையும் தொழில்களையும் ஆராய வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1800-01இல் மைசூர், கனரா, மலபார் நாடுகளைச் சுற்றி வந்தபோது ஹெக்கடதேவனகோட்டைப் பக்கத்தையும் கண்டார். நெருப்பைச் சுற்றிப் படுத்துறங்கும் காட்டுக் குருபரைப் பற்றியும், உழவர்களின் பயிரை யானையிடமிருந்து காக்க இரவுக் காவல் இருந்த அவர்களின் துணிவைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மூங்கில் சிம்புகளைக் கட்டிய பந்தத்தை ஏந்திக்கொண்டு, வயலில் இறங்கிய யானையை மிக அருகில் நெருங்கி விரட்டுவது அவர்கள் முறை. ஊரார் உறங்குவதற்காக இவர்கள் விழித்திருந்தார்கள். உழவருக்கும் காட்டுக் குடிக்கும் இடையே இருந்த இந்தப் பழைய உடன்பாட்டைப் பிற்காலத்துச் சட்டங்கள் ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மைசூரில் ஆங்கில ஆணையரின் ஆட்சி நடந்த காலத்தில், 1864இல், வனத்துறை அமைந்தது. தேக்கும் சந்தனமும் அரசின் பொருளாகக் கணக்கிடப்பட்டு, ஒதுக்குக்காடு என்ற வகை வந்து, காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதும் காட்டை எரித்துப் பயிரிடுவதும் படிப்படியாகத் தடைக்கு உள்ளாயின. எனினும் வனத்துறைக்கே காட்டில் தங்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டதால் குருபர் உடனே வெளியேற்றப்படவில்லை; மரம் வெட்டவும் வழி காட்டவும் தீத்தடுப்புக் கோடு செதுக்கவும் அவர்களே கூலிகள் ஆனார்கள்.

அந்தத் தேவை உச்சத்தைத் தொட்டது கெட்டாவில். கெட்டா என்பது வங்கத்திலிருந்து வந்த முறை. சங்க நூல்கள் ‘பயம்பு’ என்று சொல்லும் குழியில் ஒற்றை யானையை வீழ்த்துவதற்குப் பதிலாக, ஒரு கூட்டத்தையே வளைத்து, ஓட்டி, மரக்கம்பங்களால் ஆன அடைப்பில் சேர்ப்பது. ஹைதர் அலி காக்கனகோட்டையில் இவ்வாறு முயன்று தோற்று, இனி முயல்கிறவரைச் சபித்துக் கல் நட்டதாக, பின்னர் அந்த வேலையில் வென்ற ஜார்ஜ் பெரஸ் சாண்டர்சன் பதிவு செய்கிறார். நீர்ப்பாசனக் கால்வாய்களைக் கவனிக்கும் அதிகாரியாக மைசூரில் பணியாற்றிய சாண்டர்சன், 1873இல் அரசின் இசைவு பெற்று, 1874இல் சாமராஜநகருக்கு அருகில் ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகளை ஒரே வளைப்பில் பிடித்தார். அவருடைய ‘இந்தியக் காட்டு விலங்குகளிடையே பதின்மூன்று ஆண்டுகள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல் 1878இல் வெளியானது.

கெட்டாவைப் பற்றி எழுதியவர்கள் பலரும் யானைகள் அடைப்புக்குள் நுழையும் அந்தக் கடைசி ஆரவாரத்தையே எழுதினார்கள். அதற்கு முன்னால் கழிந்த இரவுகள் தாம் இங்கே கருதத்தக்கவை. கூட்டத்தைக் கண்டதும் அதைச் சுற்றிப் பல மைல் நீளத்துக்கு ஆட்களை நிறுத்துவார்கள். வங்கத்தில் இரண்டிரண்டு பேராக, ஏறக்குறைய ஐம்பது கஜத்துக்கு ஒரு காவல் என்று சாண்டர்சன் விவரிக்கிறார். ஒவ்வொரு காவலும் ஒரு சிறு தங்கல்: மேலே இலைப்பந்தல், முன்னே நெருப்பு, அருகில் விறகுக் குவியல். பகலில் முறை வைத்து உறங்கி, இரவில் நெருப்பை வளர்த்து, கூட்டம் வளையத்தின் பக்கம் நகர்ந்தால் கூச்சலிட்டும் மூங்கிலைத் தட்டியும் திருப்பி, நாள்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள் அந்த ஆட்கள். சிதறித் தங்கும் குருபரின் பழைய வழக்கத்தையே அரசு ஒரு வட்டக் கோட்டில் வரிசையாக நிறுத்தி வேலை வாங்கியது என்று சொல்வது மிகையாகாது. சினந்த யானை வளையத்தை உடைத்து வெளியேறும் இடம் எப்போதும் இத்தகைய ஒரு காவலாகவே இருந்தது; அந்த இருவரின் பெயரை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

காக்கனகோட்டையில் கெட்டா விரைவிலேயே அரசு விருந்தாயிற்று. 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர், 1906இல் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசர், பிறகு அடுத்தடுத்து வைசிராய்கள் என்று விருந்தினர் வந்தார்கள். யானைகளைக் கபினி ஆற்றுக்குள் இறக்கி நீந்த விட்டு மறுகரை அடைப்பில் சேர்க்கும் ‘ஆற்றோட்டல்’ மைசூர் கெட்டாவின் தனி அடையாளமாகப் பெயர் பெற்றது. விருந்தினருக்காகக் கபினிக் கரையிலுள்ள காராபுரத்தில் வேட்டை மாளிகையும் வரிசை வரிசையாகக் கூடாரங்களும் எழுந்தன. மேசையும் கட்டிலும் வெள்ளித் தட்டும் மைசூரிலிருந்து வந்த இந்த டேராவும், வளையத்தின் நெருப்பருகே கம்பளியில் சுருண்ட ஆளின் தங்கலும் ஒரே காட்டில் ஒரே இரவில் இருந்தன. இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு வேலையே இல்லை என்பதை அக்காலத்து நிழற்படங்களில் ஓரத்தில் நிற்கும் முகங்கள் மட்டுமே நினைவூட்டுகின்றன. அந்த ஓரத்திலிருந்து உலகறிய வந்தவர் ஒருவர் உண்டு: 1924இல் காராபுரத்தில் யானைப்பாகர் குடும்பத்தில் பிறந்த சாபு, ராபர்ட் பிளாஹர்ட்டியும் சோல்தான் கோர்தாவும் இயக்கி 1937இல் வெளிவந்த ‘எலிஃபன்ட் பாய்’ படத்தில் நடித்து ஹாலிவுட் வரை சென்றார். கன்னட இலக்கியமும் இக்காட்டை மறக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், மைசூர் அரசன் ரணதீர கண்டீரவன் காலத்தில் வைத்து, இக்காட்டுக் குடிகளை நாயகராக்கி ‘காகன கோட்டெ’ என்ற நாடகத்தை எழுதினார்.

கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. அடுத்த ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் பந்திப்பூர் புலிகள் திட்டத்தின் முதல் காப்பகங்களில் ஒன்றானது. 1974இல் பீச்சனஹள்ளியில் கபினி அணை முடிந்து, ஆற்றோட்டல் நடந்த கரைகளும் சுற்றியிருந்த காடும் நீருக்குள் போயின. இதே காட்டுப் பரப்பைச் சேர்ந்த நாகரஹொளே 1955இல் சரணாலயமாகி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழையவும் தங்கவும் அனுமதி வேண்டும். காட்டுக்குத் தீங்கு வரும்படி நெருப்பு மூட்டுவது குற்றம். யானைகளைப் பிடிப்பது நின்றதும் புலிக்குப் புகலிடம் கிடைத்ததும் நல்லவையே. அவற்றை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நெருப்பருகே உறங்கியவர்களையும் அதே சட்டம் வெளியாராக்கியது. நாகரஹொளேயிலிருந்து வெளியேற்றப்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் நிலையை ஆராய கர்நாடக உயர்நீதிமன்றம் அமைத்த முசாபர் அசாதி குழு, அக்குடும்பங்களின் எண்ணிக்கை 3,418 என்று கண்டது. பலர் காட்டு விளிம்பில் அமைக்கப்பட்ட குடியிருப்புகளுக்கும், பலர் குடகின் காப்பித் தோட்டக் கூலி வரிசைகளுக்கும் போனார்கள்.

இதனிடையே வேறொரு வகைத் தங்கலுக்கு வழி திறக்கப்பட்டது. 1980இல் தொடங்கிய கர்நாடக அரசின் நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ், காராபுரத்தின் பழைய வேட்டை மாளிகையைச் சுற்றிக் கபினி விடுதியை நிறுவியது. நாகரஹொளேக்கு உள்ளேயே தனியார் விடுதி ஒன்று எழும்பியபோது, தாங்கள் படுக்கக் கூடாத காட்டில் காசு கொடுத்தவர் படுக்கலாமா என்று பழங்குடிகள் கேட்டுப் போராடி நீதிமன்றம் சென்றனர். 1997இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு விடுதிக்கு எதிராக வந்தது. இந்தியக் காட்டுரிமை வரலாற்றில் அந்த வழக்குக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

காட்டில் இராத்தங்குவதைப் பொது உரிமையாகக் கொண்ட நாடுகளும் உண்டு. சுவீடனில் எவரும் பிறர் நிலத்திலும் காட்டிலும் ஓரிரு இரவு கூடாரமிட்டுத் தங்கலாம் என்ற பழைய வழக்குரிமை 1994இல் அரசமைப்பிலேயே குறிப்பிடப்பட்டது. அமெரிக்க தேசியக் காடுகளில், அமைக்கப்பட்ட முகாம் இடங்களுக்கு வெளியே விரும்பிய இடத்தில் தங்க, பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை இசைவு உண்டு. யானையும் புலியும் உலவும் மைசூர்க் காட்டில் அத்தகைய பொது உரிமையை எவரும் கேட்கவில்லை, கேட்பது அறிவுடைமையும் ஆகாது. இங்கே கேட்கப்படுவது வேறு: 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடிகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமையை ஒப்புக்கொண்ட பிறகு, அதைக் கையில் தரும்படி கேட்கிறார்கள். 2025 மே மாதத்தில் ஜேனு குருபக் குடும்பங்கள் சில, நாகரஹொளேக்குள் தங்கள் பழைய ஹாடி இருந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று தார்ப்பாயும் மூங்கிலும் கொண்டு குடிசை எழுப்பின.

இன்று சட்டத்தின் முழு இசைவோடு இக்காடுகளில் இராத்தங்குகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். யானை தாண்ட முடியாதபடி சுற்றிலும் அகழி வெட்டிய சிறு கட்டடங்களில், மூன்று நான்கு பேராக, காட்டின் பல மூலைகளில் சிதறி அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் குருபர் பலர். தடம் பார்ப்பதும் காற்றை அறிவதும் துறையை விட்டு விலகிப் படுப்பதும் இப்போது தினக்கூலிக்கு உரிய தகுதிகளாகியுள்ளன.

ஆண்டுதோறும் மார்ச் முதல் மழை இறங்கும்வரை கபினி நீர் பின்வாங்கும்போது, அணைக்குள் போன நிலம் புல்வெளியாக மேலே வருகிறது. முதுமலையிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் பந்திப்பூரிலிருந்தும் யானைகள் அந்தப் புல்லுக்காக அங்கே நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. ஒரு காலத்தில் அவற்றின் பாட்டிகளை ஆற்றுக்குள் ஓட்டிய கரைகளில், எவரும் ஓட்டாமலே அவை இறங்கி நீந்துகின்றன.