ஈமக்கடனும் மருந்துக்கடனும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள்ளுக்கான குழி. ராவணனோடு மோதிச் சிறகிழந்த ஜடாயுவுக்கு ராமன் இங்கேதான் ஈமக்கடன் செய்தான் என்கிறது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஜடாயு தீர்த்தமும் உண்டு. இதை நம்புவதா வேண்டாமா என்பதல்ல நம் பிரச்சினை. கதை எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜடாயு அன்றைக்கே உயிரை விட்டுவிட்டது. சிறகில்லாமல் இன்னும் முப்பது வருஷம் கிடந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? யார் செலவில்? செத்த வீரனுக்குச் சடங்கு செய்வது அதிகாரத்துக்கு எளிது. பிழைத்துத் திரும்பியவன்தான் அதற்குச் சிக்கல்.

இதே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்புவின் படைகள் அங்கே கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை நொறுக்கின. அந்தப் படையில் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்கள். ஆனால் அங்கே நிற்கும் கூம்புத் தூண்கள், மறுவருஷம் அதே களத்தில் நடந்த போரில் இறந்த இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கானவை. சிப்பாய்க்குக் கல் இல்லை. கல் போகட்டும், காசு? மீர் ஜாபர் விட்டுப்போன ஐந்து லட்ச ரூபாயை மூலதனமாக வைத்து 1770இல் கிளைவ் பெயரில் ஒரு நிதி உருவானது. ஊனமுற்ற ஐரோப்பியப் படையினருக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அது படியளந்தது. சிப்பாயின் விதவை அந்தக் கணக்கில் வரவில்லை. சிப்பாய்களுக்கான ஓய்வூதிய விதிகள் தனியாக வந்தன. படைவீரனுடைய உடலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, தொடக்கத்திலேயே யார் பட்டியலில் இருக்கிறார் என்ற கேள்வியாக மாற்றப்பட்டுவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சுதந்திரம் வந்தது. பட்டியல் போகவில்லை. மைய அரசின் சிவில் ஊழியர்களுக்கு 1954லேயே சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் டெல்லியில் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு அதுபோல ஒன்று வர 2003 ஏப்ரல் 1 வரை ஆனது. அதுவரை ராணுவ மருத்துவமனைதான், அதுவும் படுக்கை காலியாக இருந்தால். திருப்புட்குழிக்காரருக்கு அது பரங்கிமலையில், எழுபது கிலோமீட்டருக்கு அப்பால்.

2003இல் வந்தது ஈ.சி.எச்.எஸ். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். ஒருமுறை பணம் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம். வயது வரம்பு இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் தடை இல்லை, செலவுக்கு உச்சவரம்பு இல்லை. எந்தத் தனியார் காப்பீடும் இதைத் தராது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். தொகை ஆரம்பத்தில் ஓய்வூதியத்தைப் பொறுத்து 1,800 ரூபாயிலிருந்து 18,000 வரை.

படையில் இருந்தபோது இலவசமாயிருந்த வைத்தியத்துக்கு, வெளியே வந்ததும் எதற்குப் பணம்? முன்னாள் படைவீரர் சங்கங்களின் கூட்டமைப்பு 1999இலேயே உச்ச நீதிமன்றம் போயிருந்தது. 2006 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. மருத்துவம் உரிமைதான், ஆனால் பங்களிப்புக் கேட்பது சட்டவிரோதமில்லை. 1996க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களின் பங்கை அரசே ஏற்கட்டும் அல்லது தள்ளுபடி செய்யட்டும். உரிமை என்றும் சொல்லியாயிற்று, அதற்கு ஒரு விலையும் போட்டாயிற்று.

2017 டிசம்பர் ஆணையில் அந்த விலை பதவிவாரியாக மாறியது. ஹவில்தார் வரை 30,000 ரூபாய், பொது வார்டு. சுபேதார்கள் 67,000, பாதித் தனியறை. அதிகாரிகள் 1,20,000, தனியறை. சீருடையைக் கழற்றிய பிறகும் தோள்பட்டை மட்டும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வருகிறது. நெஞ்சுவலிக்குப் பதவி தெரியாது, கட்டிலுக்குத் தெரியும்.

மனைவி விஷயத்துக்கு வருவோம். அவளுக்கு அட்டை கிடைப்பது கணவனின் ஆவணங்கள் வழியாக. கல்யாணம் ரெஜிமெண்ட் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அதில் லட்சுமி, ஆதாரில் முத்துலட்சுமி என்று இருந்தால் போச்சு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் திருத்தத்துக்கு வெல்லிங்டன் ஆவண அலுவலகம் வரைக்கும் எழுத வேண்டும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்னொன்றையும் யோசிக்கலாம். எல்லையில் அவன் நின்ற வருஷங்களில் தறிக்குழியில் உட்கார்ந்து வீட்டை ஓட்டியவள் இவளாக இருந்தால்? முதுகும் முழங்காலும் போனது தறியால். ஆனால் அந்த வலிக்கு வைத்தியம் கிடைப்பது சிப்பாயின் சம்சாரம் என்பதால்; நெய்தவள் என்பதால் அல்ல. 2005இல் கைத்தறி நெசவாளர்களுக்கென்று மைய அரசு கொண்டுவந்த மருத்துவக் காப்பீடு நிலைக்கவில்லை. அவளுடைய உழைப்புக்கென்று ஓர் அட்டை இல்லை.

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை இந்தத் திட்டத்தில் சேர்த்தது 2019 மார்ச்சில். போர் முடிந்து 74 வருஷம் கழித்து. அதற்குள் எத்தனை பேர் மிச்சம்? இனி வருபவர்களுக்கு அந்தத் தாமதம்கூட வேண்டாம் என்று 2022இல் அக்னிபத் முடிவு செய்துவிட்டது. நாலு வருஷ சேவை, கையில் ஒரு தொகை. படையில் தொடரத் தேர்வாகாதவர்களுக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயர் இல்லை, மருத்துவ அட்டை இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் இல்லை.

சேவையில் இருக்கும்போது செத்தால் மட்டும் தேசியக்கொடி, மரியாதை, இழப்பீடு எல்லாம் உண்டு. குழி வெட்டித் தர எப்போதும் ஆள் இருக்கிறது. சிறகுக்கு மருந்து போடுவது யார் என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு.