மூன்று பேர் போட்ட ஒப்பந்தமும் ஒரு தீவும்

பி.காம். படிப்பவர்களிடம் 'கூட்டாண்மை ஒப்பந்தம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே கொட்டாவி வரும். யார் எவ்வளவு முதல் போட்டது, லாபம் எந்த விகிதத்தில், பங்குதாரர் விலகினால் என்ன செய்வது... இப்படியே போகும் பாடம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தம் ஒரு ஊரையே உருவாக்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அந்த ஊரின் கதைதான் இந்தக் கட்டுரை.

இடம்: ட்ரிஸ்டன் ட குன்யா. தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே ஒரு எரிமலைத் தீவு. மனிதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் அடுத்த தீவு செயின்ட் ஹெலினா. அதுவே சுமார் 2,400 கி.மீ. தள்ளி! தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் இன்னும் தூரம், சுமார் 2,800 கி.மீ. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவும் வருடத்துக்குச் சில கப்பல்கள்தான். ஒரே ஒரு கிராமம், இருநூற்றுச் சொச்சம் மக்கள், அவ்வளவுதான்.

நெப்போலியன் புண்ணியத்தில்...

1506-ல் இந்தத் தீவைக் கண்ட போர்த்துக்கீசிய மாலுமியின் பெயர்தான் தீவுக்கும். ஆனால் முந்நூறு வருடங்களுக்கு மேல் அங்கே யாரும் நிலையாகக் குடியேறவில்லை. 1815-ல் நெப்போலியனை செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்தார்கள். அவரை மீட்க யாராவது ட்ரிஸ்டனைத் தளமாக்கிக்கொண்டால் என்ன ஆவது என்ற பயத்தில், 1816-ல் பிரிட்டன் அங்கே ஒரு சிறு படையை இறக்கியது. மறு வருடமே 'வேண்டாம், திரும்பி வாருங்கள்' என்று உத்தரவு வந்தது.

படை கிளம்பும்போது வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மட்டும், 'நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்' என்றார். பீரங்கிப் படையில் கார்ப்பொரல். கூடவே மனைவி மரியா, இரண்டு குழந்தைகள். சாமுவேல் பர்னெல், ஜான் நான்கிவெல் என்ற இரண்டு கொத்தனார்களும் சேர்ந்துகொண்டார்கள். 1817 நவம்பர் 7 அன்று மூன்று ஆண்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதன் சாரம் இதுதான்:

1. கால்நடையும் சாமான்களும் மூவருக்கும் சமம்.
2. லாபம் வந்தால் சமமாகப் பிரித்துக்கொள்வது.
3. செலவையும் சமமாக ஏற்பது.
4. யாரும் யாருக்கும் மேலானவர் என்று நினைக்கக் கூடாது. நோய் வந்தால் தவிர, அவரவர் பங்கு வேலையை அவரவர் செய்ய வேண்டும்.

அந்தத் தாள் தங்களை ஒரு 'நிறுவனம்' என்றேதான் குறிப்பிடுகிறது! முதல் மூன்று விதிகளும் நமக்குப் பழக்கமானவை. பங்குதாரர்கள் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் லாப நட்டம் சமம் என்று நம் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமும் சொல்கிறது. என்னை நிறுத்தியது நான்காவது விதிதான். பதவிதான் எல்லாம் என்றிருக்கும் ராணுவத்திலிருந்து வந்தவர், பதவியே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டாளிகள் மூவரும் ஆண்கள். மரியாவும் அதே தீவில்தான் பாடுபட்டார், ஆனால் ஒப்பந்தத்தில் அவர் ஒரு பங்குதாரர் இல்லை.

தாளில் இருந்தது வாழ்க்கைக்கு வந்தது

கொத்தனார்கள் இருவரும் சில வருடங்களில் போய்விட்டார்கள். கப்பல் உடைந்து கரையேறியவர்கள், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்தவர்கள் என்று வேறு ஆட்கள் சேர்ந்தார்கள். 1827-ல் செயின்ட் ஹெலினாவிலிருந்து சில பெண்கள் வந்து, அங்கிருந்த பிரம்மச்சாரிகளை மணந்தார்கள். கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், பிறகு 1892-ல் கப்பல் உடைந்து வந்த இத்தாலியர்களால் ரெப்பெட்டோ, லவரெல்லோ... நெடுங்காலம் தீவு முழுக்க இந்த ஏழு குடும்பப் பெயர்கள்தான்.

போகிற கப்பல்களுக்கு உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் கொடுத்து, மாவும் துணியும் வாங்குவது அவர்கள் வியாபாரம். அதற்கும் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1885 நவம்பரில் அப்படி ஒரு கப்பலை நோக்கிப் படகில் போன 15 ஆண்கள் திரும்பவே இல்லை. ஊரில் வளர்ந்த ஆண்களில் பெரும்பகுதி ஒரே நாளில் போனது. அதன் பிறகும் அந்த ஊர் கலையவில்லை.

எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? நிலம் ஊருக்குப் பொது. வெளியார் வாங்க முடியாது. உருளைக்கிழங்குப் பாத்திகளை ஒவ்வொரு குடும்பமும் தானே பயிரிடும். ஆடு மாடு எத்தனை வளர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வசதி உள்ளவர் நூறு மாடு வாங்கிவிட்டு ஊர்ப் புல்லையெல்லாம் மேய்த்துவிட முடியாது! அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கூரை வேய ஊரே வரும், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். கித்தான் போர்த்திய நீண்ட படகுகளுக்குக்கூடப் பலர் சேர்ந்து சொந்தக்காரர்கள்.

பணம் வந்தது, எரிமலையும் வந்தது

1942-ல் போருக்காகக் கடற்படை நிலையம் ஒன்று வந்தது. அதோடு கூலி வேலையும் காசும் வந்தன. 1949-ல் சிங்க இறால் தொழிற்சாலை. பண்டமாற்றில் இருந்த ஊர் சம்பளத்துக்குப் பழகியது.

உண்மையான பரீட்சை 1961-ல். மாதக்கணக்கில் நிலம் அதிர்ந்தது. அக்டோபரில் கிராமத்தை ஒட்டியே எரிமலை வாய் திறந்தது. ஊரே படகேறியது. கேப் டவுன் வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீடு, வேலை, சம்பளம், தொலைக்காட்சி எல்லாம் கிடைத்தன. பழக்கமில்லாத குளிரும் கிருமிகளும் சேர்ந்து பலர் நோயில் விழுந்தார்கள், முதியவர்கள் சிலர் இறந்தும் போனார்கள். ஆனாலும் இவ்வளவு வசதியைப் பார்த்தவர்கள் இனி எங்கே திரும்பப் போகிறார்கள் என்றுதான் அதிகாரிகள் எண்ணினார்கள்.

1962 டிசம்பரில் வாக்கெடுப்பு. திரும்பிப் போக 148 ஓட்டு, இங்கேயே இருக்க 5!

1963-ல் திரும்பினார்கள். வீடுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன, தொழிற்சாலை எரிமலைக் குழம்பில் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஏன் திரும்பினார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நட்டம்தான். எனக்குத் தோன்றுவது இது: இங்கிலாந்தில் சம்பளம் இருந்தது, கூடவே மேலதிகாரியும் இருந்தார். நான்காவது விதியில் ஆறு தலைமுறை வளர்ந்தவர்களுக்கு அந்தச் செலவு எந்த வரவாலும் ஈடாகவில்லை. அதற்காக எல்லோரும் ஒரே மனசு என்றும் இல்லை. சில வருடங்களில் ஒரு பகுதியினர் மறுபடி இங்கிலாந்து போனார்கள், அவர்களிலும் சிலர் திரும்பி வந்தார்கள்.

2011 மார்ச்சில் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் ஒரு சரக்குக் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. ஆயிரக்கணக்கான பென்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. தீவு மக்கள் அவற்றைப் படகுகளில் கொண்டுவந்து கழுவினார்கள். ஊர் நீச்சல் குளத்தையே பறவைகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். காப்பாற்ற முடியாமல் போனவையும் ஏராளம். ஆனால் அன்று யார் வேலை, யார் செலவு என்று பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

இருநூறு பேர், எல்லோரும் உறவு, வெளியார் குடியேற முடியாது... அதனால்தான் இந்தச் சமத்துவம் சாத்தியம் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் சின்ன ஊர், சொந்தபந்தம் என்ற இரண்டும் உலகில் எத்தனையோ இடங்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் மேல் கீழ் இல்லாமலா இருக்கிறது? இவர்கள் முதல் நாளே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?