மலாக்கா: வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டிய நகரம்

கேம்பர்வேனில் மலாக்காவுக்குச் செல்வோர், வண்டியைப் பழைய நகருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது நல்லது. ஜோங்கர் தெருவும் அதையொட்டிய தெருக்களும் குறுகலானவை. வார இறுதி இரவுகளில் சந்தைக்காக ஜோங்கர் தெரு வாகனங்களுக்கு மூடப்படும்.

1753இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பு வண்ணக் கிறிஸ்து தேவாலயத்தின் முன் எப்போதும் கூட்டம்தான். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால், ஜாலான் துக்காங் எமாசில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பியது. பலர் வாசலில் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது வருத்தமே.

அந்தச் செட்டிகள், வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது முத்துமாரியம்மனை. காஜா பேராங்கிலுள்ள கம்போங் செட்டியில் இன்றும் சில குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் அங்கு உண்டு.