மேடே: விமானிகளின் அபாய அழைப்பு

பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கோ அதில் உள்ளவர்களுக்கோ ஆபத்து நேரும்போது விமானி ரேடியோவில் விடுக்கும் அறிவிப்பு அபாய அழைப்பு எனப்படும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் இதை இரண்டு படிகளாகப் பிரிக்கின்றன. உடனே உதவி கிடைக்காவிட்டால் பெரும் ஆபத்து என்ற நிலையில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். நிலைமை கவலைக்குரியது, ஆனால் உடனடி உதவி தேவைப்படும் அளவுக்கு முற்றவில்லை என்றால் ‘பான் பான்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ‘அவசரம்’, ‘முன்னுரிமை வேண்டும்’, ‘ஒரு சின்னப் பிரச்சினை’ போன்ற சொற்களுக்கு இந்த எடை கிடையாது. அவற்றைக் கேட்கும் கட்டுப்பாட்டு அதிகாரி தன் கணிப்பில் ஒரு பொருளைக் கொள்வார். சொன்னவர் மனத்தில் வேறொன்று இருக்கும். அபாய அழைப்பின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், கருவி பழுதானதால் உதவி கிடைக்காமல் போனது ஒரு பக்கம் இருக்க, கருவி நன்றாக வேலை செய்தும் உரிய சொல் உரிய நேரத்தில் வாயில் வராததால் உயிர்கள் போனது இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டாவது வகைதான் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ஆகவே அதைத்தான் அதிகம் பேச வேண்டும்.

‘மேடே’ என்ற சொல்லை 1920களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி பிரெடரிக் மாக்ஃபோர்டு. அந்த நிலையத்தின் போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிஸோடு நடந்தது; இரு கரையிலும் உள்ளவர்களுக்கு உடனே புரிய வேண்டும் என்பதால், ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை எடுத்துக்கொண்டார். தந்தியில் பழகிப்போன எஸ்.ஓ.எஸ். பேச்சுக்குப் பொருந்தவில்லை. கரகரப்பு நிறைந்த ரேடியோவில் ‘எஸ்’ என்னும் ஒலி எளிதில் கரைந்துவிடும். 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச ரேடியோ தந்தி மாநாடு மேடேயை ஏற்றுக்கொண்டது. ‘பான்’ என்பதும் பிரெஞ்சுதான். பழுது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ‘தமிழ் விமானி ஏன் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. இது யாருடைய தாய்மொழியின் அன்றாடச் சொல்லும் ஆகாதபடி ஒதுக்கி வைக்கப்பட்ட சொல். அன்றாடப் பேச்சில் வராததால்தான் காதில் விழுந்த கணமே தனித்து நிற்கிறது. மூன்று முறை சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பிக் கீச்சிடும். ஒன்று அழிந்தாலும் மற்றொன்று தப்பிக் காதில் விழ வேண்டும். வேறொரு விமானத்தின் மேடேயைப் பற்றிப் பேசுபவருக்கும் மேடே சொல்பவருக்கும் வேறுபாடு தெரியவும் அது உதவுகிறது.

அழைப்பின் உள்ளடக்கத்தைச் சென்னையை வைத்தே பார்க்கலாம். மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுதளத்துக்கு வரும் விமானங்கள் கடலைத் தாண்டி, சாந்தோம் பக்கமாக நகருக்குள் நுழைந்து, கோட்டூர்புரத்தின் மேல் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் சக்கரங்களை விரித்தபடி கிண்டியை நோக்கிச் செல்கின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசலில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் இறக்கையில் எழுதியிருப்பதைப் படித்துவிடலாம். அங்கிருந்து தரை தொட ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அப்படி வரும் ஒரு விமானம் கடலுக்கு மேல் இருக்கும்போதே அதன் எஞ்சினில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். “மேடே மேடே மேடே, சென்னை அப்ரோச், இன்ன விமானம், வலது எஞ்சினில் தீ, நேராக வந்து இறங்க விரும்புகிறோம், கிழக்கே இருபது மைல், உயரம் ஐயாயிரம் அடி, விமானத்தில் நூற்று ஐம்பது பேர்” என்பதுபோல அழைப்பு அமையும். யாரை அழைக்கிறோம், நாம் யார், என்ன நேர்ந்தது, என்ன செய்யப் போகிறோம், எங்கே இருக்கிறோம், எத்தனை உயிர் என்பது வரிசை. எத்தனை பேர் என்ற எண் மீட்புக்காரர்களுக்கு. எரிந்த விமானத்தில் இன்னும் யாரைத் தேட வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். முதலில் அப்போது பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே அழைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கேட்பதற்கு ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். பதில் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற பொது அவசர அலைவரிசை. அழைப்பு கேட்டதும் மற்ற விமானங்கள் பேச்சை நிறுத்தி வழிவிட வேண்டும். கட்டுப்பாட்டு அறை ஓடுதளத்தை ஒதுக்கும், தீயணைப்பு வண்டிகளை வரிசையில் நிறுத்தும். மேடே என்ற ஒரு சொல் இத்தனை கதவுகளை ஒரே தள்ளலில் திறந்துவிடுகிறது.

அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த ஏவியாங்கா 52 கொடிய சான்று. கொலம்பியாவிலிருந்து வந்த அந்த போயிங் 707 மோசமான வானிலையால் ஒரு மணி 17 நிமிடம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. துணை விமானி ‘முன்னுரிமை’ கேட்டார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். எல்லா விமானங்களுக்கும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். கேட்டவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி கூறியும், ரேடியோவில் அந்தச் சொல் போகவில்லை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலெழுந்த விமானம், எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். ரேடியோ பழுதில்லை, மொழியும் முற்றாகத் தெரியாததில்லை. இந்தத் தயக்கத்தை வேற்று நாட்டாரின் குறை என்று ஒதுக்க நமக்கு உரிமை கிடையாது. நெஞ்சைப் பிசையும் வலியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பார். ‘ஒண்ணுமில்ல, வாயுவா இருக்கும்’ என்று தானே சமாதானமும் சொல்வார். பிறருக்குத் தொல்லை தரக்கூடாது, பெரிதுபடுத்தக்கூடாது என்ற பண்பு வீட்டில் அழகு. மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், முகம் பார்க்க முடியாத ஒருவரிடம் பேசும்போது அதே பண்பு ஆளைக் கொல்லும்.

தமிழ்நாட்டு வானில் அண்மையில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்தத் தயக்கத்தின் வேர் தெரியும். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. போயிங் 737 வகையில் எரிபொருளை வானில் கொட்ட வழியில்லை. ஆகவே எடையைக் குறைக்க இரண்டரை மணி நேரம் வட்டமடித்து எரித்துத் தீர்த்தபின் பத்திரமாக இறங்கியது. 140க்கும் மேற்பட்ட பயணிகள் உள்ளே. கீழே விமான நிலையத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் நின்றன. தொலைக்காட்சிகள் நேரலையில் மாநிலத்தையே மூச்சுப்பிடித்து உட்காரவைத்தன. அதன்பின் நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்ற வரி இருந்தது. விமானிகள் தம் கோளாறை ரேடியோவில் தெளிவாகத் தெரிவித்தார்கள், அருமையாக விமானத்தை இறக்கினார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. என் கேள்வி அந்த விளக்க வரியைப் பற்றியது. அவசரநிலை அறிவிக்காதது நற்சான்றிதழ்போல ஏன் முன்வைக்கப்பட வேண்டும்? அறிவித்திருந்தால் அது அவமானமா? இதே திருச்சியில், இதே அக்டோபரில், 2018ஆம் ஆண்டு 12ஆம் தேதி பின்னிரவில் துபாய்க்குக் கிளம்பிய ஒரு விமானம் சுற்றுச்சுவரை உரசிக்கொண்டு ஏறியது. மோதியிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொல்லியும், கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்று விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அடிப்பகுதி சேதமடைந்த நிலையில் 136 பேரோடு சுமார் நான்கு மணி நேரம் பறந்தபின் அது மும்பைக்குத் திருப்பி இறக்கப்பட்டது. ‘எல்லாம் சரி’ என்ற சொல் அன்று எவ்வளவு மலிவாக இருந்தது!

தயங்காமல் அறிவிக்க வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவது ‘புலி வருது’ கதை. சின்னக் கோளாறுக்கெல்லாம் மேடே என்றால், உண்மையான மேடே வரும்போது யார் பதறுவார்கள் என்பது வாதம். கேட்க நியாயமாக இருந்தாலும், விதியின் அமைப்பே இதற்கு விடை வைத்திருக்கிறது. சின்னதுக்காகத்தானே ‘பான் பான்’ என்ற இரண்டாவது படி? 2025 மே 21 அன்று தில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கி மூக்குப்பகுதி சிதைந்தபோது, விமானிகள் ஸ்ரீநகருக்கு ‘பான் பான்’ அறிவித்துப் பத்திரமாக இறக்கினார்கள். மேலும், சொன்ன மேடேயை ஆபத்து நீங்கியதும் அதே அலைவரிசையில் திரும்பப் பெறலாம். அதற்கும் முறை இருக்கிறது. கதையில் சிறுவன் பொய் சொன்னான், விமானி பொய் சொல்வதில்லை. வீணாக ஓடிவந்து நின்ற தீயணைப்பு வண்டிக்கு ஆகும் செலவையும் 73 உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வலுவான மறுப்பு வேறொன்று: நேரமே இல்லாதபோது சொல் என்ன செய்யும்? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 பிற்பகல் 1:38:39க்குத் தரையை விட்டு எழுந்தது. 1:39:05க்கு மேடே ஒலித்தது. எந்த விமானம் என்று கட்டுப்பாட்டு அதிகாரி கேட்டார், பதில் இல்லை. ஆறு வினாடியில் பதிவுக் கருவி நின்றது. விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். அந்த அழைப்பு யாரையும் காப்பாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு திசையைப் பார், பிறகு பேசு’ என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். பேச்சு கடைசியில்தான் வருகிறது. ஆனால் அந்த வரிசை பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச முடியாமலே போனதன் விலையைச் சென்னை அறியும். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் தானியங்கிக் கலம் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டதாக 2024 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது: கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில். ஏழரை ஆண்டு அந்தக் குடும்பங்கள் விமானம் எங்கே என்பது தெரியாமல் காத்திருந்தன. எங்கே என்ற ஒரு சொல் கிடைத்திருந்தால், உயிர் மீளாவிட்டாலும் இந்தக் காத்திருப்பு குறைந்திருக்கும்.

இனி எல்லாவற்றையும் எந்திரமே சொல்லிவிடும் என்பாரும் உண்டு. ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்று திருப்பினால் ரேடார் திரையில் விமானம் அவசரத்தில் இருப்பது பளிச்சிடும். ரேடியோ செத்துவிட்டால் 7600, கடத்தல் என்றால் 7500. மோதிய விமானத்தின் அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சைகையைச் செயற்கைக்கோள் பிடித்து பெங்களூரில் உள்ள இந்திய மையத்துக்குத் தரும். இவை பெரும் துணை. ஆனால் 7700 ‘ஆபத்து’ என்று மட்டுமே சொல்லும்; தீயா, நோயாளியா, எங்கே இறங்கப் பார்க்கிறார் என்பதை விமானியின் வாய்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் திருப்பும் கையும் தயங்கும் அதே மனிதனின் கைதான்.

ஆகவே தயக்கத்துக்குக் காரணமானதைத் தொட்டாக வேண்டும். 2025 ஜூன் 19 அன்று குவாஹாட்டியிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம் மீனம்பாக்கத்தில் இறங்க முயன்று மீண்டும் மேலெழுந்து, பெங்களூருக்குத் திருப்பப்பட்டது. அதை நெருங்கும்போது தலைமை விமானி எரிபொருளுக்கான மேடே அறிவித்து, இரவு 8.20 மணியளவில் இறங்கினார். எரிபொருள் மேடே என்றால் தொட்டி காலி என்று பலரும் நினைத்தார்கள். விதி சொல்வது வேறு. ஜெட் விமானம் தரை தொடும்போது குறைந்தது 30 நிமிடத்துக்கான எரிபொருள் மிஞ்ச வேண்டும். இனித் தாமதமானால் அதற்குக் குறையக்கூடும் என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’ என்று சொல்ல வேண்டும். குறையத்தான் போகிறது என்று கணக்குக் காட்டினால் ‘மேடே ஃப்யூயல்’. ஏவியாங்காவில் நடந்ததுபோல் ஒரே தொடருக்கு இருவர் இரு பொருள் கொள்ளாதபடி, இந்த இரண்டு சொற்களுக்கும் எல்லை தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றைச் சொன்ன அந்த இண்டிகோ விமானிகள் பணிப்பட்டியலிலிருந்து விலக்கப்பட்டதாக நாளேடுகள் எழுதின. அவசரநிலை அறிவிக்க வேண்டிவந்த எரிபொருள் குறைவைக் கடுமையான நிகழ்வாகக் கருதி விசாரிப்பது சர்வதேச நடைமுறை, விசாரணை முடியும்வரை விலக்கி வைப்பதும் வழக்கம். எரிபொருள் ஏன் அவ்வளவு குறைந்தது என்று கேட்பதும் தேவை. ஆனால் விசாரணை அந்தக் கேள்வியோடு நிற்க வேண்டும். அழைப்பு விடுத்ததே குற்றம் என்ற நினைப்பு சக விமானிகளிடம் பரவ இடம் தரக்கூடாது. விமான நிறுவனங்கள் ‘எங்கள் விமானி உரிய நேரத்தில் மேடே சொன்னார்’ என்று தம் அறிக்கையில் நிமிர்ந்து எழுதட்டும். செய்தியாளர்களும் ‘மேடே’ என்பதை ‘நூலிழையில் தப்பியது’ என்று மொழிபெயர்ப்பதை விடட்டும். அந்த விமானம் பெங்களூரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அன்றிரவே பயணிகளோடு சென்னை வந்து இறங்கியது.