ஜலகம்பாறையும் ஒகேனக்கல்லும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் குடும்பத்தோடு அருவிக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் முன்னால் வரும். திருப்பத்தூரை அடுத்த ஜலகம்பாறை ஒன்று. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் மற்றொன்று. பொங்கலுக்கோ பெருநாளுக்கோ ஷூ கம்பெனி விடுமுறை விட்டதும் வேன் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல்லைத்தான் சொல்கிறார்கள். ஜலகம்பாறையை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஏலகிரி மலையிலிருந்து ஆட்டாறு இறங்கி விழும் இடம் ஜலகம்பாறை. காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினால், குளித்து, பக்கத்திலிருக்கும் முருகன் கோயிலையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிடலாம். ஆனால் மலையில் மழை பெய்தால்தான் அருவி. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல தண்ணீர் இருக்கும்; சித்திரையில் போனால் வெறும் பாறைதான். ஏமாந்து திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தப் பாறையைக் காட்டியே நம் மலையில் மழை பொய்த்ததைச் சொல்லிவிடலாம்.

ஒகேனக்கல்லின் கணக்கே வேறு. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிரப்பி, அங்கே திறந்துவிடும் நீர் பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அதனால் ஆம்பூரில் மழையே இல்லாத ஆடி மாதத்திலும் அங்கே வெள்ளம் புரளலாம். வினாடிக்கு இத்தனை கனஅடி என்று நாளிதழில் வரும் செய்தியைப் பார்க்காமல் வண்டி ஏறக் கூடாது. நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் தடை, குளிக்கவும் தடை. அத்தனை தூரம் போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தடை இல்லாத நாளில் ஒகேனக்கல்லுக்கு ஈடு சொல்ல முடியாது. மெயின் அருவியில் குளியல், எண்ணெய் தேய்த்துவிடும் கைகள், கரையில் பொரியும் மீன், பாறை இடுக்குகளில் சுழன்று போகும் பரிசல் என்று ஒரு நாள் போதாது. அங்குள்ள கார்பனடைட் பாறைகளின் வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். தோல் தொழில் நடக்கும் நம் ஊர்களிலிருந்து போகிறவர்கள் பரிசலின் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். மூங்கில் பின்னலுக்கு மேல் இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பு அங்கே இருந்தது மாட்டுத்தோல்.

ஒகேனக்கல்லோடு நமக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. அது நமக்குப் பெருமை தருவதல்ல. நம் ஊர்த் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, மேட்டூரிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஒகேனக்கல்லில் விழும் காவிரிதான் மேட்டூர் அணைக்குப் போகிறது. ஆம்பூர்க் குடும்பம் அங்கே குளிப்பது, தன் வீட்டுக் குடத்துக்கு வரப்போகும் தண்ணீரில்.

சின்னப் பிள்ளைகளும் வயதான பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது கார்த்திகை மாத ஜலகம்பாறைதான். வீட்டுக்கு அருகில், சொந்த மலை தரும் தண்ணீர் அது. நீர்வரத்தை விசாரித்துக்கொண்டு ஒகேனக்கல்லுக்கு இன்னொரு முறை போகலாம். போகும்போது சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் சீயக்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலாற்றைக் கெடுத்துக்கொண்ட நாம் காவிரியையும் கெடுத்துவிட்டால், அடுத்துக் குழாய் போட நமக்கு வேறு ஆறு இல்லை.